புது லேப்டாப் வாங்கும் முன், இருக்கிற ப்ராசஸரை முழுசாக வேலை வாங்குவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் புதுச்சேரியில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து போய்வரும் நான்கு விசைப்படகுகளின் ஓராண்டு ஜிபிஎஸ் பதிவு அவரிடம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி, ஆக மொத்தம் சுமார் 21 லட்சம் வரிகள். படகு எப்போது சும்மா ஓடுகிறது, எப்போது வலை இழுக்கிறது என்று பிரிக்க வேண்டும். எந்தக் கடற்பகுதியில் அடிக்கடி வலை விழுகிறது என்று தொகுக்க வேண்டும். பயன்படுத்துவது பைத்தான் மொழியின் லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள்: அட்டவணைகளுக்குப் பாண்டாஸ், மெஷின் லேர்னிங்குக்கு சைகிட்-லேர்ன், கடைசியில் நியூரல் நெட்வொர்க்குக்குக் கொஞ்சம் பைடார்ச். லேப்டாப்பில் 11ஆம் தலைமுறை ஐ5, நான்கு கோர், 8 ஜிபி ரேம்; தனி ஜிபியு (கிராஃபிக்ஸ் ப்ராசஸர்) கிடையாது. "ஒரு தடவை ஓட்டினால் விடிய விடிய ஓடுகிறது, பாதி நாள் நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஹார்டுவேருக்கென்றே வேகப்படுத்திய லைப்ரரிகள் இருக்கின்றனவாமே, அவற்றைப் போட்டால் சரியாகுமா அண்ணா, இல்லை ஜிபியு உள்ள லேப்டாப் வாங்க வீட்டில் பணம் கேட்கட்டுமா?" என்கிறார்.

வீட்டில் இப்போதைக்குக் கேட்க வேண்டாம், தம்பி. லைப்ரரிகள் உதவும், நிறையவே உதவும். ஆனால் உங்கள் கணக்கு விடிய விடிய ஓடுவதற்கு முதல் காரணம் லைப்ரரி இல்லாததும் அல்ல, லேப்டாப் பழசானதும் அல்ல. வேகமான கோடு (நிரல்) உங்கள் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் டேட்டா அதன் கைக்குப் போய்ச் சேரவில்லை. எங்கெங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்.

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். பை-ஸ்பை என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை நிறுத்தாமலே எந்த வரியில் நேரம் போகிறது என்று காட்டும். பைத்தானோடு கூடவே வரும் சிப்ரொஃபைலும் போதும். 1967இல் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. பத்து மணி நேர வேலையில் ஆறு மணி நேரம் உங்கள் பாண்டாஸ் லூப்பில் போகிறதென்றால், மீதி நான்கு மணி நேரத்தை எந்த லைப்ரரி மாயமாக்கினாலும் அந்த ஆறு மணி நேரம் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இப்போது உங்கள் டேட்டாவுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மாதிரி வரிகளில் மே மாதத் தேதிகளும் இருக்கின்றன, வேகம் பூஜ்யம் என்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். ஆனால் உங்கள் கருவி தூங்கவில்லை, நிமிடத்துக்கு ஒரு புள்ளி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. 61 நாளை 1,440 நிமிடத்தால் பெருக்குங்கள்: ஒரே ஒரு படகுக்கு 87,840 புள்ளிகள். எல்லாம் ஒரே இடம். ஜிபிஎஸ் தடுமாற்றத்தில் சில மீட்டர் இப்படி அப்படி இருக்கும், அவ்வளவுதான்.

நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளைத் தொகுக்க நீங்கள் சைகிட்-லேர்னில் எடுத்திருக்கும் முறை டிபிஸ்கேன். அது என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்கள் சொன்ன தூரத்துக்குள், அதாவது 500 மீட்டருக்குள், யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கிறது. சைகிட்-லேர்னில் இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெமரியில் உட்காரும். கட்டிக்கிடக்கும் படகின் 87,840 புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் மற்ற எல்லாமே அண்டை வீடுதான். பட்டியலில் சுமார் 771 கோடி எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட், ஆகச் சுமார் 62 ஜிபி. உங்களிடம் இருப்பது 8 ஜிபி. அதுவும் ஒரு படகுக்குத்தான். நான்கு படகும் ஒரே துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்தால் இது நான்கு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு. விண்டோஸ் முடிந்த மட்டும் டிஸ்க்குக்குத் தள்ளித் தள்ளிச் சமாளிக்கிறது. அதுதான் உங்கள் விடிய விடிய. சமாளிக்க முடியாத அன்றைக்குத்தான் நடுவிலேயே நிற்கிறது. இதற்கு எந்த ஜிபியு வாங்கினாலும் தீராது. ஜிபியுவுக்கும் மெமரி உண்டு, லேப்டாப்பில் பெரும்பாலும் வருவது 6 ஜிபியோ 8 ஜிபியோதான்.

ஆகவே தடைக்கால நாட்களை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு துறைமுகத்தைச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, அதற்குள் வேகம் அரை நாட்டுக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே உள்ள புள்ளிகளையும் தள்ளுங்கள். அடுத்தது வேலையின் வரிசை. இப்போது நீங்கள் எல்லாப் புள்ளிகளையும் தொகுத்துவிட்டு அப்புறம் வகைப்படுத்துகிறீர்கள். மாற்றிச் செய்யுங்கள். வலை இழுக்கும் புள்ளிகள் எவை என்று முதலில் வகைப்படுத்தி, அவற்றை மட்டும் தொகுப்புக்கு அனுப்புங்கள். இழுவலைப் படகு வலை இழுக்கும்போது 2 முதல் 4 நாட் வேகத்தில்தான் நகரும், கரைக்குத் திரும்பும்போது அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். பெரும்பாலான புள்ளிகள் இந்த ஒரு அளவிலேயே பிரிந்துவிடும். அதன் பிறகும் நெரிசலாக இருந்தால், கடலை 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு புள்ளியும் அதில் எத்தனை பதிவு விழுந்தது என்ற எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். டிபிஸ்கேனின் ஃபிட் செயல்பாடு அந்த எண்ணிக்கையை எடையாக வாங்கிக்கொள்ளும். 500 மீட்டர் அளவில் தேடும் கணக்குக்கு 20 மீட்டர் கட்டத்தால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது.

இதைச் செய்த பிறகுதான் லைப்ரரி பேச்சுக்கு அர்த்தம் வருகிறது.

இந்த லைப்ரரிகள் உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், எதை எங்கே போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிளாஸ். வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கு ஒரு பொதுவான கூப்பிடும் முறை. முதல் அடுக்கு 1979இல் வெளியானது, மேட்ரிக்ஸை மேட்ரிக்ஸால் பெருக்கும் மூன்றாம் அடுக்கு 1990இல். கூப்பிடும் முறை ஒன்றுதான். அதை நிறைவேற்றும் கோடு ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கசுஷிகே கோட்டோ என்ற ஜப்பானியர் அசெம்பிளியில் கையால் செதுக்கி எழுதிய கோட்டோபிளாஸ் அந்நாளில் பெரும் பெயர் பெற்றது. அதிலிருந்து 2011இல் கிளைத்ததுதான் ஓப்பன்பிளாஸ். நீங்கள் பிப் போட்டு, எண் வரிசைகளைக் கையாளும் நம்பை லைப்ரரியை இறக்கினால் விண்டோஸில் கூடவே வருவது இதுதான். இன்டெல் தன் பங்குக்கு எம்கேஎல் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பின் வழக்கமான சேனலில் வரும் நம்பைக்கு அடியில் அது இருக்கும். ஆக, வேகப்படுத்திய லைப்ரரி ஒன்றை நீங்கள் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அதன் சாமர்த்தியம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வெக்டர் கட்டளைகள். உங்கள் 11ஆம் தலைமுறை ஐ5இல் ஏவிஎக்ஸ்-512 இருக்கிறது. ஒரே கட்டளையில் எட்டு ஃப்ளோட்64 (64 பிட் தசம) எண்களையோ பதினாறு ஃப்ளோட்32 (32 பிட் தசம) எண்களையோ சேர்த்துப் பெருக்கிக் கூட்டும். (அடுத்த தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்களில் இன்டெல் இதைத் தொடரவில்லை; அவற்றில் பாதி அகலமுள்ள ஏவிஎக்ஸ்-2தான். புதுசு வாங்கினால் எல்லாமே கூடும் என்று நினைக்க வேண்டாம்.) இரண்டு, மெமரியைக் கையாளும் முறை. ரேமிலிருந்து ஒரு எண்ணைக் கேட்டால் ப்ராசஸர் 64 பைட்டை மொத்தமாகத்தான் எடுத்துவரும். எடுத்துவந்ததில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை வீசுவது, கடலுக்குப் போன படகு ஒரே ஒரு மீனோடு கரை திரும்புவது போல. நல்ல பிளாஸ், மேட்ரிக்ஸைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு துண்டைக் கேஷுக்குள் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) கொண்டுவந்துவிட்டால் அதை வைத்துச் செய்ய வேண்டிய கணக்கையெல்லாம் முடித்த பிறகே வெளியே விடும்.

வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். 2000க்கு 2000 அளவில் இரண்டு மேட்ரிக்ஸ்களைப் பெருக்க 800 கோடி பெருக்கல்-கூட்டல் வேண்டும். பைத்தான் லிஸ்ட்டில் மூன்று ஃபார் லூப் எழுதி ஓட்டினால் டீக்கடைக்குப் போய்வந்தாலும் முடிந்திருக்காது. அதையே நம்பையில் ஒரே வரியில் கொடுத்தால் உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு வினாடிக்குள் முடியும். கணக்கு அதே கணக்கு, ப்ராசஸரும் அதே ப்ராசஸர். லிஸ்ட்டில் ஒவ்வொரு எண்ணும் 24 பைட் கொண்ட தனிப் பொருளாக மெமரியில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. வெக்டர் கட்டளைக்கு அள்ளிப்போட எதுவும் கிடைப்பதில்லை.

உங்கள் பாண்டாஸ் லூப்பின் கதையும் இதுதான். ஐட்டர்ரோஸ் போட்டு 21 லட்சம் வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, முந்தைய வரியோடு தூரம், திசை, திருப்பம் கணக்கிடுகிறீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பாண்டாஸ் ஒரு புது சீரீஸ் பொருளை உண்டாக்கி, உடனே தூக்கிப்போடுகிறது. படகு வாரியாக குரூப்பை செய்து, ஷிஃப்ட் கொண்டு ஒரு வரி தள்ளி, முழு நெடுவரிசையையும் நெடுவரிசையிலிருந்து கழியுங்கள். திசைக்கு நம்பையின் ஆர்க்டேன்2 முழு அரேயையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும். "மூன்று நிமிடம் தொடர்ந்து 4 நாட்டுக்குக் கீழே இருந்தால் வலை போட்டாயிற்று, மீண்டும் வேகம் ஏறினால் தூக்கியாயிற்று" என்பது போல முந்தைய நிலையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் பகுதியை மட்டும் இப்படி மாற்றுவது கடினம். அதற்கு நம்பா என்ற வேறொரு லைப்ரரி இருக்கிறது. செயல்பாட்டின் தலையில் என்ஜிட் என்ற அலங்காரத்தை (டெக்கரேட்டர்) வையுங்கள், உள்ளே நம்பை அரேக்களை மட்டும் கொடுங்கள். அந்த லூப்பையே மெஷின் கோடாக மாற்றிவிடும். பாண்டாஸ் டேட்டாஃப்ரேமை அப்படியே உள்ளே திணித்தால் ஏற்காது. முதல் தடவை கூப்பிடும்போது கம்பைல் ஆகும் நேரமும் சேரும் என்பதால் இரண்டாவது தடவையின் நேரத்தை அளந்து பாருங்கள்.

சைகிட்-லேர்னுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக சைகிட்-லேர்ன்-இன்டெலெக்ஸ் என்ற இன்டெல் நீட்சியாக இருக்கும். இறக்கிக்கொண்டு, கோடின் தலையில் இரண்டு வரி: எஸ்கேலேர்ன்-எக்ஸிலிருந்து பேட்ச் செயல்பாட்டை வரவழைத்து அதைக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வரியும் சைகிட்-லேர்னின் எந்த இம்போர்ட்டுக்கும் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் பழைய வகுப்புகளே ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும், ஒன்றும் மாறாது. மற்ற கோடு அப்படியே இருக்கும். கே-மீன்ஸ், ரேண்டம் ஃபாரஸ்ட், எஸ்விசி, கேஎன்என், பிசிஏ, டிபிஸ்கேன் போன்றவற்றுக்கு உள்ளே ஒன்-டால் என்ற வேறு எஞ்சின் ஓடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த எஞ்சினுக்கு ஒத்துவராத அமைப்பு எதையாவது நீங்கள் கேட்டால், அது பிழை காட்டாது. பேசாமல் பழைய சைகிட்-லேர்னுக்கே வேலையைத் தள்ளிவிடும். நீங்களும் பேட்ச் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள். உங்கள் இப்போதைய டிபிஸ்கேனுக்குப் பேட்ச் போட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துக்கொண்டு ஹேவர்சைன் தூரம், அதாவது பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் தூரம், கேட்டிருக்கிறீர்கள். அந்த எஞ்சினின் டிபிஸ்கேனுக்கு நேர்கோட்டு யூக்ளிடியன் தூரம் மட்டும்தான் தெரியும். லாகிங் அமைப்பில் எஸ்கேலேர்ன்-எக்ஸ் என்ற பெயருக்கு இன்ஃபோ அளவைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் வேகப்படுத்திய பதிப்பு ஓடியதா, அசல் சைகிட்-லேர்னுக்குத் திரும்பியதா என்று ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்க்காமல் "இந்த லைப்ரரி வேஸ்ட்" என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

ஹேவர்சைனை விட்டுவிடுவது உங்களுக்கு எளிது. கடலூர் சுமார் 11.7 பாகை வடக்கு, 79.8 பாகை கிழக்கு. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை யூடிஎம். அதில் 78 முதல் 84 பாகை கிழக்கு வரை 44 வடக்கு மண்டலம்; மென்பொருளுக்கு அதைச் சொல்லும் இபிஎஸ்ஜி எண் 32644. பைப்ராஜ் என்ற லைப்ரரி கொண்டு எல்லாப் புள்ளிகளையும் ஒரே தடவையில் மீட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஆல்வேஸ்-எக்ஸ்ஒய் என்ற விருப்பத்தை ட்ரூ என்று வைக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிக் குழப்பும். நம் கரைப்பகுதியில் இந்த மாற்றத்தால் 500 மீட்டரில் வரும் பிழை 20 சென்டிமீட்டரைத் தாண்டாது, ஜிபிஎஸ் பிழையைவிடக் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு. ஹேவர்சைனில் எல்லாவற்றையும் ரேடியனில் கொடுக்க வேண்டும், 500 மீட்டர் என்பதை 0.0000785 என்று எழுத வேண்டும். பாகையையே கொடுத்துவிட்டுத் தப்பான தொகுப்புகளை வைத்து ஆய்வேடு எழுதுவது நடக்கக்கூடிய விஷயம். மீட்டரில் 500 என்றால் 500தான்.

இனி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிபிஸ்கேனில் அந்த இன்டெல் எஞ்சின் எல்லாப் புள்ளியையும் எல்லாப் புள்ளியோடும் ஒப்பிடும் முரட்டு வழியில்தான் போகும். வெக்டர் கட்டளைகளால் அது வேகமாக இருக்கும், ஆனால் புள்ளி இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். உங்களுடையதோ இரண்டே பரிமாணம். சாதாரண சைகிட்-லேர்னின் கேடி-ட்ரீ, அதாவது பக்கத்துப் புள்ளிகளை மட்டும் சீக்கிரம் தேடித்தரும் மர அமைப்பு, இதற்கென்றே பிறந்தது. ஆகவே 50,000 புள்ளியில் ஒரு தடவை, 1 லட்சத்தில் ஒரு தடவை, இரண்டு வழியிலும் ஓட்டி நேரம் குறியுங்கள். நேரம் எப்படி வளர்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இன்டெல் எஞ்சின் உங்களுக்கு உண்மையாகக் கைகொடுக்கப் போவது ரேண்டம் ஃபாரஸ்ட்டிலும் கேஎன்என்னிலும்தான். எஸ்விசியை லட்சக்கணக்கான வரிகளுக்கு யோசிக்கவே வேண்டாம், அதன் வேலை வரிகளின் வர்க்கத்துக்கும் மேலாக ஏறும். அதைவிட சைகிட்-லேர்னிலேயே இருக்கும் ஹிஸ்ட்-கிரேடியன்ட்-பூஸ்டிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு அம்சத்தையும் அதிகபட்சம் 255 பெட்டிகளாகப் பிரித்து ஒரு பைட்டில் அடக்கிவிடுகிறது. கேஷில் எட்டு மடங்கு டேட்டா உட்காரும். உங்கள் அளவு அட்டவணைக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். (சோதனைக்குப் பிரிக்கும்போது வரி வாரியாகப் பிரிக்காமல் பயணம் வாரியாகப் பிரியுங்கள். ஒரே பயணத்தின் அடுத்தடுத்த நிமிடங்கள் இரண்டு பக்கமும் போனால் துல்லியம் பொய்யாக ஏறும்.)

உங்கள் நம்பை எந்த பிளாஸில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள த்ரெட்பூல்-கன்ட்ரோல் என்ற சின்னப் பொதியைக் கேளுங்கள். லைப்ரரியின் பெயர், எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு), எந்த ப்ராசஸர் கட்டமைப்புக்கான கோடு என்று சொல்லும். ஓப்பன்பிளாஸ் என்றும் கட்டமைப்பு ஸ்கைலேக்-எக்ஸ் என்றும் வந்தால் ஏவிஎக்ஸ்-512 கோடு ஓடுகிறது. ஹாஸ்வெல் என்றால் ஏவிஎக்ஸ்-2. ப்ரெஸ்காட் என்று வந்தால் ஏதோ தப்பு: விர்ச்சுவல் மெஷின் ப்ராசஸரின் திறன்களை மறைத்திருக்கலாம், லைப்ரரி அரதப் பழசாக இருக்கலாம். கல்லூரி லேப் கணினியில் ஓட்டும்போதும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது த்ரெட் நெரிசல். மாடலின் சிறந்த அமைப்பைத் தேடும் கிரிட்-சர்ச்சில் என்-ஜாப்ஸ் மைனஸ் ஒன்று, உள்ளே ரேண்டம் ஃபாரஸ்ட்டிலும் மைனஸ் ஒன்று என்று வைத்திருக்கிறீர்கள். மைனஸ் ஒன்று என்றால் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று பொருள்; கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் உங்கள் கணினி எட்டு என்று எண்ணுகிறது. எட்டு ப்ராசஸ், ஒவ்வொன்றும் தனக்கென்று பல த்ரெட். உங்களிடம் இருப்பது நான்கே கோர். எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், கேஷும் கலைந்துகொண்டே இருக்கும். இரண்டில் ஒன்றில் மட்டும் வையுங்கள். ரேம் குறைவாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் மாடலுக்கு த்ரெட்களைக் கொடுத்துவிட்டு வெளியே ஒன்றாக விடுவதுதான் நல்லது. மேட்ரிக்ஸ் கணக்கு அதிகமாக உள்ள பகுதிக்கு எட்டு த்ரெட்டைவிட நான்கே வேகமாக வரும். இரட்டை த்ரெட் இருந்தாலும் ஒரு கோருக்கு வெக்டர் யூனிட் ஒரு செட்தானே. ஓஎம்பி-நம்-த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 4 என்று வையுங்கள், அதுவும் நம்பையை இம்போர்ட் செய்வதற்கு முன்னால்.

ஃப்ளோட்32க்கு மாறலாமா? மெமரி பாதியாகும், வெக்டர் கட்டளையில் இரண்டு மடங்கு எண் உட்காரும். ஆனால் எல்லா நெடுவரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். யூடிஎம் மீட்டரில் நம் கரையின் வடக்கு அளவு சுமார் 13 லட்சம் மீட்டர். அந்த அளவில் ஃப்ளோட்32இன் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர்தான் இடைவெளி, தாராளமாகப் போதும். நேரத்தைத்தான் தொடக்கூடாது. 1970இலிருந்து வினாடிகளாக எண்ணும் யூனிக்ஸ் நேரம் இப்போது 170 கோடிக்கு மேல். அங்கே ஃப்ளோட்32இன் இடைவெளி 128 வினாடி. உங்கள் புள்ளிகளோ 60 வினாடிக்கு ஒன்று. இரண்டு மூன்று புள்ளிகளுக்கு ஒரே நேரம் விழும், வித்தியாசம் பூஜ்யமாகும், வேகம் முடிவிலியாகும். நேரத்தை முழு எண்ணாகவே வைத்துக் கழித்து, வரும் வித்தியாசத்தை மட்டும் மாற்றுங்கள்.

லைப்ரரி மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறும். வெக்டரிலும் பல த்ரெட்டிலும் கூட்டும்போது கூட்டும் வரிசை மாறுகிறது, அதனால் முழுமைப்படுத்தும் இடம் மாறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. சரிபார்க்கும்போது சமமா என்று கேட்காமல் நம்பையின் ஆல்குளோஸ் கொண்டு பாருங்கள். முடிவு கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

பைடார்ச் பகுதி சின்னதுதான். நியூரல் நெட்வொர்க் கணக்கை இன்டெல் ப்ராசஸரில் வேகப்படுத்தும் ஒன்-டிஎன்என் லைப்ரரி அதற்குள்ளேயே வருகிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். பைடார்ச்சைப் போன்ற டென்சர்ஃப்ளோவிலும் 2022இல் வந்த 2.9 பதிப்பு முதல் லினக்ஸில் அதுவே தானாக இயங்கும். உங்கள் நெட்வொர்க் மூன்று அடுக்கு மட்டுமே என்பதால், ஒரு தடவைக்கு அனுப்பும் வரிகளின் எண்ணிக்கையை (பேட்ச் சைஸ்) 32 என்று வைத்தால் கணக்கைவிடக் கணக்கைக் கூப்பிடும் செலவே அதிகமாகும். 1024, 4096 என்று ஏற்றிப் பாருங்கள், கற்கும் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றி. முடிந்த மாடலைப் படகுக்காரர் ஒருவரின் சாதாரணக் கணினியில் ஓட்ட வேண்டிய நாள் வந்தால் அப்போது, பயிற்சி முடிந்த மாடலை வேகமாக ஓட்டுவதற்கென்றே இருக்கும் ஓப்பன்வினோவையோ ஓஎன்என்எக்ஸ் ரன்டைமையோ பாருங்கள்.

ஜிபியு எப்போது வேண்டும்? படங்கள், வீடியோ, பெரிய மொழி மாடல்கள், ஆழமான நெட்வொர்க்குகள். அப்போதும் முதலில் இணையத்திலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியுவில் ஓட்டிப் பாருங்கள். அதில் நேரம் உண்மையாகவே குறைகிறதா என்று தெரிந்த பிறகு வாங்கும் பேச்சை எடுக்கலாம்.

அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். மின்தடையில் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்து ஓட்டினாலும் சூட்டினால் அதே கதி. நம் ஊர் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து காற்றுப்போக்கியை அடைத்திருந்தால் இன்னும் மோசம். சார்ஜரில் போட்டு, தட்டையான மேசையில் வைத்து, ஒரே சூழலில் அளந்தால்தான் முன்னும் பின்னும் ஒப்பிட முடியும்.

வீட்டில் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு ரேம் துண்டு கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று இருந்தால், டிடிஆர்4-3200 ரேமில் வினாடிக்கு 25.6 ஜிபி என்ற பாதையில்தான் உங்கள் ப்ராசஸருக்குத் தீனி போகிறது. அதே அளவில் இன்னொன்று போட்டால் 16 ஜிபி ஆவதோடு பாதையும் 51.2 ஜிபியாக இரட்டிக்கும். மேட்ரிக்ஸ் பெருக்கலில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நெடுவரிசையை நெடுவரிசையிலிருந்து கழிப்பது போல, கணக்கு குறைவாகவும் டேட்டா அதிகமாகவும் உள்ள வேலைகளில் நன்றாகவே தெரியும். உங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த வகைதான். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ஆகவே பின்மூடியைக் கழற்றிக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பார்த்துவிட்டு, லேப்டாப்புக்கான சின்ன அளவு டிடிஆர்4 துண்டா என்று அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.